தூங்கிப் பார்த்த வீடுகள்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நான் நலம், நீ எக்ஸ்ரே என்று பட்டப்பெயர் வைத்த என் மனைவியும் நலம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் கேட்டால், "நல்லா இருக்கேன்டா, தொண்டைக்கு ரெஸ்ட் வேணும், வச்சிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். நாள் முழுக்க ஸ்டேஷன் மைக்கில் ஊருக்கெல்லாம் வண்டி நேரம் சொல்கிறவளுக்குச் சொந்தத் தம்பியோடு பேச மட்டும் தொண்டை மிஞ்சுவதில்லை. கடிதத்துக்குத் தொண்டை வேண்டாம் என்பதால் எழுதுகிறேன்.

நாங்கள் இந்த மாநிலத்தை விட்டே கிளம்பவேண்டியிருக்கிறது. அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி, இந்த ஊர்க் கிளையை மூடுகிறது. எக்ஸ்ரே பிரிவில் இருப்பவர்களுக்கு மட்டும் உங்கள் மாநிலத்தில் இடம் தருகிறார்களாம். மூன்று ஊர் போட்ட படிவம் ஒன்று வந்திருக்கிறது. ஒன்று ஆற்றங்கரை ஊர், இன்னொன்று மலையடி ஊர், மூன்றாவது நீ இருக்கிற ரயில் சந்திப்பு ஊர். ஏதாவது ஒன்றுக்கு நேராக டிக் போட்டு ஏப்ரல் முப்பதுக்குள் கொடுக்கவேண்டும். போட்டால் போட்டதுதான், பிறகு மாற்ற முடியாது. எனக்கு எந்த ஊராக இருந்தாலும் ஒன்றுதான். பஞ்சும் ஊசியும் இருந்தால் மெத்தை தைத்துக்கொள்வேன். மனிதன் தூங்காத ஊர் எங்கே இருக்கிறது?

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். மற்றவர்கள் வீடு பார்க்கப் போனால் தண்ணீர் வருகிறதா, வெளிச்சம் வருகிறதா என்று பார்ப்பார்கள். அப்பா தூக்கம் வருகிறதா என்று பார்ப்பார். மதியச் சாப்பாடு முடிந்து, காலி அறையில், வெறும் தரையில் ஒரு துணி விரித்து, தலையணை இல்லாமல் படுப்பார். கால் மணி நேரத்துக்குள் தூக்கம் வந்தால் அந்த வீடு, வராவிட்டால் அடுத்த வீடு. வீட்டு புரோக்கர்கள் அவரைக் கண்டாலே சந்துக்குள் ஒதுங்குவார்கள். ஆனால் நாம் இருந்த எந்த வீட்டிலும் யாரும் புரண்டு புரண்டு படுத்ததில்லை. அந்த மரியாதையை நானும் விட்டுவிட மாட்டேன்.

எனக்கு இப்போது நகர நேரமில்லை. ஒரு மாணவர் விடுதிக்கு இருநூற்று நாற்பது மெத்தை தைக்க ஒத்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு லீவு கிடையாது. உன்னிடம் ரயில்வே பாஸ் இருக்கிறது. அதோடு நம் குடும்பத்திலேயே பெரிய தூங்குமூஞ்சி நீதான். பரீட்சை ஹாலில் கேள்வித்தாள் மேலேயே தலையை வைத்துத் தூங்கினவள். ஆகவே எங்களுக்காக நீ போய்த் தூங்கிப் பார்த்து எழுது. உன் தூக்கத்தை நம்பித்தான் நாங்கள் டிக் போடப்போகிறோம்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

•

பிப்ரவரி 16

அன்புள்ள மெத்தைக்காரனுக்கு,

உன் கடிதம் வந்தது. நான் சுகம். உன் அத்தான் வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறார். நீயும் எக்ஸ்ரேயும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? பஞ்சு அடிக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உன் கடிதத்தை ஸ்டேஷனில் வைத்துத்தான் படித்தேன். படித்துக்கொண்டே மூன்றாம் நடைமேடை வண்டியை ஐந்தாம் நடைமேடை என்று சொல்லிவிட்டேன். ஒரு கூட்டமே பாலம் ஏறி இறங்கியது. ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணாடிக்கு வெளியே நின்று என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

போகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு என்ன வேலை. ஊருக்கு ஒரு வீடு பார்த்துத் தூங்கிவிட்டு வருகிறேன்.

எக்ஸ்ரே மொழியைப் பற்றிப் பயப்படுகிறாளா? பயப்பட ஒன்றுமில்லை என்று சொல். அவள் தொழிலுக்கு மூன்றே வாக்கியம் போதும். மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க. அதை இந்த ஊர் மொழியில் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். இருபது வருடத்துக்கு முன்னால் நான் வந்தபோது எனக்கு இரண்டு வாக்கியம்தான் தெரியும். வண்டி வருகிறது, வண்டி போகிறது. அதை வைத்தே ஒரு வாழ்க்கையை ஓட்டிவிட்டேன்.

அக்கா

•

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கும் எக்ஸ்ரேக்கும்,

நலம். நீங்களும் அப்படியே இருக்கவேண்டும். அத்தான் இன்னும் வெளியூரில்தான்.

நேற்று ஆற்றங்கரை ஊர் போனேன். ஸ்டேஷனிலிருந்து இறங்கினால் தெரு தானாகவே சரிந்து ஆற்றுக்குக் கொண்டுபோய்விடுகிறது. ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிட நடை. வீடு, தெருக்கோடியில் தரைத்தளம். ஒரு பெரிய அறை, ஒரு சின்ன அறை. பெரிய அறையின் ஜன்னல் ஆற்றைப் பார்த்தது. வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்து, "எவ்வளவு நேரம் பாப்பீங்க?" என்றார். "ஒரு தூக்கம்" என்றேன். சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாமா என்று யோசித்தார்.

இரண்டு மணிக்குப் படுத்தேன். படுத்ததுமே சொக்கிவிட்டது. அந்த அறையில் வெயில் நேராக உள்ளே வருவதில்லை. முதலில் ஆற்றில் விழுந்து, அங்கிருந்து எழும்பி, சுவரில் ஏறி, மேல்தளத்தில் மெல்ல மெல்ல நெளிந்துகொண்டு போகிறது. இரண்டு பத்துக்குப் படகுத்துறையில் ஒரு மோட்டார் மூன்று தடவை முக்கி, நாலாவது தடவை கிளம்பியது. மேல்வீட்டில் யாரோ ஒரு வாளியைக் குழாயடியிலிருந்து பால்கனிவரை இழுத்துப் போனார்கள். நடுவில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார்கள். தெருமுனை சலூனில் ரேடியோவைப் பாட்டிலிருந்து செய்திக்கு மாற்றினார்கள். வீட்டுக்காரர் கதவுவரை வந்து ஒரு செருமல் செருமிவிட்டுப் போனார். மூன்று மணிக்கு எழுந்தேன். ஒரு மணி நேரம் நல்ல தூக்கம்.

ஒரு கனவுகூட வந்தது. அறைக்குள் கணுக்கால் அளவு ஆற்றுத் தண்ணீர். உன் மெத்தைகள் எல்லாம் அதில் மிதக்கின்றன. நீ ஒவ்வொன்றாகத் தொட்டு, யார் யாருக்கு என்று சொல்லி அனுப்புகிறாய். அவை ஜன்னல் வழியே வெளியே போய், வரிசையாக வளைவு திரும்புகின்றன. ஒன்றுகூட நனையவில்லை. எக்ஸ்ரே கரையில் நின்று கையசைக்கிறாள். கடைசி மெத்தை உங்களுக்கென்று நின்றுகொண்டிருந்தது.

அக்கா

•

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அத்தான் வந்துவிட்டாரா?

உன் கடிதத்தை அவளுக்கு இரண்டு தடவை உரக்கப் படித்துக் காட்டினேன். அந்தக் கனவைக் கேட்டதிலிருந்து எனக்குக் கை வேலையில் நிற்கவில்லை. பஞ்சை அடிக்கும்போது அது மேலே எழும்பி மெதுவாக இறங்குமே, அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிடுகிறேன். மெத்தை ஜன்னல் வழியாக ஆற்றில் போகிற ஊரில் எனக்கு வியாபாரம் எப்படி நடக்கும் என்று கேட்டால், "நல்லா நடக்கும், மிதக்கும்" என்கிறாள் உன் எக்ஸ்ரே. அவளுக்கு எல்லாமே கேலி. ஆனால் நீ அனுப்பிய மூன்று வாக்கியங்களை என்மேல்தான் பழகுகிறாள். சாப்பிட உட்கார்ந்தால்கூட மூச்சைப் பிடிக்கச் சொல்கிறாள்.

மலையடி ஊருக்கும் போய்விட்டு வா. அப்புறம் உன் ஊர்? அதைப் பற்றி ஒரு வரிகூட நீ எழுதவில்லையே. பக்கத்துத் தெருவில் அக்கா இருக்கிற ஊரைத் தூங்கிப் பார்க்கவே வேண்டியதில்லை என்று நான் நினைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், நீயே முந்திக்கொண்டு "இங்கயே வந்துடுங்கடா" என்பாய் என்றுகூட எதிர்பார்த்தேன்.

தம்பி

•

மார்ச் 25

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அங்கே எல்லோரும் சுகம்தானே. இங்கே விசேஷமாக ஒன்றுமில்லை.

மலையடி ஊர் நேற்று முடிந்தது. வீடு மூன்றாவது மாடியில். மேகம் சில நேரம் ஜன்னல்வரை வந்து, உள்ளே ஆள் இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது. கீழே ஒரு பேப்பர் கடையில் கத்தரிக்கும் இயந்திரம் ஒரு நிமிடத்துக்கு இருபத்திரண்டு தடவை விழுகிறது. எதிர்வீட்டில் ஒருவர் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு மொட்டைமாடியில் எண்பது நடை போனார். கொடியில் போட்ட போர்வை காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டு, பிறகு நனைந்து கனத்து நின்றுவிட்டது. நல்ல தூக்கம். ஆற்றங்கரை அளவுக்கு இல்லை.

கனவில் நான் மைக் முன்னால் உட்கார்ந்திருந்தேன். வண்டிகளுக்குப் பதிலாக மேகங்கள் வந்துகொண்டிருந்தன. எது எந்த மலைக்குப் போகிறது என்று அறிவித்தேன். எல்லாம் சரியான நேரத்துக்கு வந்தன. ஏறுவதற்குத்தான் யாரும் இல்லை.

என் ஊரைப் பற்றிக் கேட்டாய். இங்கே வேண்டாம் தம்பி. நாளுக்கு நூற்றுப்பத்து வண்டி. கப்பு சாசர்கூட மேஜைமேல் நடக்கும். எங்கே திரும்பினாலும் ஹாரன், பட்டறை, மூட்டை இறக்குகிறவர்கள் சத்தம். தூங்கிப் பார்க்கவே தேவையில்லை. ஆற்றங்கரைக்கே போங்கள். இரண்டு மணி நேரப் பயணம்தானே, நினைத்தால் வந்துபோகலாம்.

அக்கா

•

ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

எக்ஸ்ரே எழுதுகிறேன். வணக்கம். உங்கள் தம்பி நலம், பஞ்சுத் தும்மலைத் தவிர வேறு குறை இல்லை. இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாமல் எழுதுவது. நீங்களும் சொல்லவேண்டாம்.

அக்கா, நீங்கள் தூங்கவில்லை.

உங்கள் கடிதங்களை அவர் உரக்கப் படித்தார், நான் கேட்டேன். மோட்டார் மூன்று தடவை முக்கியது, வாளி இரண்டு தடவை நின்றது, செருப்பு எண்பது நடை நடந்தது, இதெல்லாம் தூங்குகிறவர்களுக்கு எப்படிக் கேட்கும்? உங்கள் தம்பிக்கு இது உறைக்கவில்லை. அவருக்கு அக்கா சொன்னால் அவ்வளவுதான். தலையைத் தரையில் வைத்தால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள் என்பது அவருக்குச் சூரியன் கிழக்கே உதிக்கிற மாதிரி ஒரு விஷயம். கனவுகள் அழகாக இருந்தன. நிஜக் கனவு அவ்வளவு ஒழுங்காக வராது அக்கா. என் கனவில் எல்லாம் பாதியிலேயே யாராவது வந்து கேஸ் புக் பண்ணியாச்சா என்று கேட்கிறார்கள்.

பதினாறு வருடமாக ஆட்களை இயந்திரத்தின் முன்னால் நிறுத்துகிறேன். எங்கே வலி என்று கேட்டால் பெரும்பாலும் முதலில் வேறு இடத்தைத்தான் தொட்டுக் காட்டுவார்கள். நான் அவசரப்படுத்துவதில்லை. அண்ணன் வெளியூரில் என்று இரண்டு கடிதத்தில் எழுதினீர்கள். மூன்றாவதில் அவரைப் பற்றியே இல்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை. பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உங்கள் எக்ஸ்ரே

•

ஏப்ரல் 13

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மலையடி ஊர்க் கடிதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லையே, வேலை அதிகமா?

முடிவு எடுத்துவிட்டேன். ஆற்றங்கரை ஊர்தான். வீட்டுக்காரருக்கு நீ கொடுத்த விலாசத்தில் எழுதிவிட்டேன், நீ தூங்கின அதே வீட்டை எங்களுக்கே வைத்திருக்கச் சொல்லி. இங்கே கடையையும் ஜூன் முதல் வேறு ஒருவருக்கு விட்டுக்கொடுத்தாயிற்று. பஞ்சு மூட்டைகள் எல்லாம் அந்தப் பெரிய அறையில்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து தைப்பேன். உன் எக்ஸ்ரே மட்டும் "இன்னும் நாள் இருக்கே, அவசரம் என்ன?" என்று படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறாள். முப்பதாம் தேதி கொடுத்துவிடுவாள்.

ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உன் ஊர் வேண்டாம் என்று நீ அவ்வளவு சீக்கிரம் எழுதியது எனக்குக் கஷ்டமாக இருந்தது. நாங்கள் பக்கத்தில் வந்தால் தொல்லை என்று நினைக்கிறாயோ என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு சத்தத்துக்காகத்தான் சொல்லியிருப்பாய் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

தம்பி

•

ஏப்ரல் 20

தம்பி,

டிக் போடவேண்டாம். இந்தக் கடிதம் முப்பதாம் தேதிக்குள் உன் கைக்கு வந்து சேரவேண்டும் என்று ரயில் தபாலில் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

அந்த வீட்டில் நான் தூங்கவில்லை. மலையடியிலும் தூங்கவில்லை. இரண்டு கனவும் நான் திரும்பி வரும் வண்டியில் உட்கார்ந்து யோசித்தவை. உன் மெத்தைகள் ஆற்றில் போவதை நான் விழித்துக்கொண்டுதான் பார்த்தேன். உங்களுக்கு ஏதாவது நல்லதாக அனுப்பவேண்டும் என்று தோன்றியது.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பெரிய அறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு ஈரக் கோடு இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை ஆறு உள்ளே வந்து போகிற கோடு. ஒரு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். பஞ்சு வைக்கிறவன் வீட்டில் அது என்ன செய்யும் என்று மெத்தைக்காரர் மகளுக்குத் தெரியாதா? எழுதினால் நீ அந்த ஊரை வேண்டாமென்பாய். இந்த ஊருக்கு வருகிறேன் என்பாய். அதனால் எழுதவில்லை.

நீ இங்கே வந்தால் என் வீட்டைப் பார்ப்பாய். உன் அத்தான் வெளியூர் போகவில்லை. போய்விட்டார். பதினாலு மாதம் ஆகிறது. ஒரு பையோடு வேலை விஷயமாகத்தான் கிளம்பினார். நான்கு நாள் கழித்து இனி வரமாட்டேன் என்று ஒரு வரி வந்தது. அங்கே வேறு ஒரு வீடு இருக்கிறது போல. அவர் ஏறிய வண்டியை நான்தான் மைக்கில் அறிவித்தேன். எட்டு நிமிடம் தாமதம் என்று சொல்லி, பயணிகளுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மன்னிப்பும் கேட்டேன். அதை நினைத்தால் இப்போதுகூட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்றிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை. ஸ்டேஷனில் நாலு வண்டி ஒரே நேரத்தில் கூவும்போது சும்மா இருக்கிற காது, வீட்டுக்குள் வந்ததும் வேலைக்குக் கிளம்பிவிடுகிறது. குழாய் சொட்டுவதை எண்ணுகிறது. அலமாரிக் கதவு தானாக முனகுவதைக் கேட்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. போனில் உன் குரலைக் கேட்டால் சொல்லிவிடுவேன் என்றுதான் தொண்டையைச் சாக்கு வைத்தேன். பரீட்சை ஹாலில் தூங்கினவள் என்று நீ எழுதியிருந்தாய். அந்த ஆளாகவே உன்னிடம் இருந்துவிடலாம் என்று ஒரு ஆசை.

நீங்கள் பக்கத்தில் வந்தால் தொல்லை என்று நான் நினைக்கவில்லை தம்பி. அதை மட்டுமாவது நம்பு.

எக்ஸ்ரேயிடம் சொல், அவள் கேட்டதற்கு இதுதான் பதில்.

அக்கா

•

மே 9

அன்புள்ள தம்பிக்கு,

நான் இருக்கிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை.

என் கடிதம் கிடைத்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். முப்பதாம் தேதி போய்விட்டது. எந்த ஊருக்கு டிக் போட்டீர்கள் என்றுகூடத் தெரியாமல் இருக்கிறேன். தபால் வண்டி வரும்போது மற்ற வண்டிகளைவிடக் கொஞ்சம் மெதுவாக அறிவிக்கிறேன் என்று இங்கே கேலி செய்கிறார்கள்.

கோபம் என்றால் திட்டியாவது எழுது. உனக்கு அந்த உரிமை உண்டு. பதில் வராத வீட்டில் ஏற்கெனவே ஒரு தடவை இருந்தாயிற்று.

அக்கா

•

மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

எக்ஸ்ரே எழுதுகிறேன். நீங்கள் சாப்பிடுகிறீர்களா? முதலில் போய் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வந்து படியுங்கள்.

கோபமெல்லாம் இல்லை. உங்கள் கடிதம் வந்த அன்று அவர் படித்துவிட்டு நேராக மெத்தை தைக்க உட்கார்ந்தார். சாயங்காலம்வரை தைத்தார். எழுந்தபோது கையில் ஊசி இல்லை. முழ நீள ஊசி, அக்கா. அன்று தைத்து அடுக்கிய பத்து மெத்தைகளில் ஏதோ ஒன்றுக்குள் வைத்துத் தைத்துவிட்டார். அப்பா காலத்திலிருந்து அந்தக் கடையில் அப்படி நடந்ததில்லையாம். மெத்தை ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்தும் தெரியவில்லை. விடுதிப் பிள்ளைகள் படுக்கப்போகிற மெத்தை, அப்படியே அனுப்ப முடியுமா? கடைசியில் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாக என் இயந்திரத்தின் கீழே படுக்கவைத்தேன். எப்படியும் மூடப்போகிற ஆஸ்பத்திரி, யார் கேட்கப்போகிறார்கள். ஏழாவது மெத்தையில் இருந்தது. படத்தில் வெள்ளை வெளேரென்று நட்டநடுவில் படுத்திருந்தது. அதைப் பார்த்ததும் உங்கள் தம்பி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். "பதினாலு மாசமா அக்கா தனியா இருந்திருக்கு, நான் தூங்கிப் பாத்து எழுதுன்னு சொல்லியிருக்கேன்" என்றார். அன்றிலிருந்து நாலு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டார். அதனால்தான் நான் எழுதுகிறேன்.

படிவம் என் பையில்தான் இருக்கிறது. பாதிப் பேர் முடிவு செய்யாததால் மே கடைசிவரை நாள் கொடுத்திருக்கிறார்கள். இருபத்தாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் காலை வண்டியில் உங்கள் ஊருக்கு வருகிறோம். ஏதாவது ஒரு வீட்டுச் சாவி வாங்கி வையுங்கள். இந்தத் தடவை அவரே படுத்துப் பார்க்கட்டும். அவருக்குத் தூக்கம் வராவிட்டால் அந்த ஊரும் வேண்டாம், வேறு வேலை தேடிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அப்பா போட்ட விதி என்றால் விதிதானே என்கிறார். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

உங்கள் எக்ஸ்ரே

•

மே 26, ஞாயிறு, மாலை ஐந்தரை

அக்கா,

ஆறு பத்து வண்டிக்கு நான் கிளம்புகிறேன். நாளைக்கு விடுதிக்காரர்கள் மெத்தை எடுக்க வருகிறார்கள். எக்ஸ்ரே புதன்கிழமைவரை உன்னோடு இருப்பாள். நடந்தது உனக்குத் தெரியாது என்பதால் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன்.

நான் படுத்ததை நீ பார்த்தாய். இரண்டு மணியிலிருந்து இரண்டே காலுக்குள் எனக்குத் தூக்கம் வரவில்லை. கீழே வெல்டிங் பட்டறை, பக்கத்தில் மூட்டை இறக்குகிற கூச்சல், ஸ்டேஷனில் உன் இடத்தில் இன்று உட்கார்ந்த பெண் எல்லா ஊரையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டிருந்தாள். எழுந்து உட்கார்ந்து, "வராதுப்பா, இந்த வீடு வேணாம்" என்றேன். அவள் மூஞ்சி விழுந்துவிட்டது. வேணாம்னா வேணாம், ஆனா இருந்தா அடுப்பை எங்க வப்போம் என்று ஒரு பேச்சுக்குக் கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் என்றேன். அவள் இல்லை என்றாள். சண்டை பிடித்துக்கொண்டது. சுவரோரம் உட்கார்ந்திருந்த நீ, "ஜன்னல் பக்கம் வச்சா காத்துல…" என்று பாதி சொன்னாய். மீதி வரவில்லை. திரும்பிப் பார்த்தால் தூங்கிவிட்டிருந்தாய்.

இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம். அரை நிமிடத்தில் உன் இமை அசைந்தது, கை தரையைத் தடவியது. எக்ஸ்ரே என் தொடையைக் கிள்ளி, "நிறுத்தாதீங்க, பேசுங்க" என்றாள். பேச ஆரம்பித்ததும் நீ மறுபடி அடங்கினாய். அப்புறம் நிறுத்தவே இல்லை. அடுப்பு முடிந்து, அலமாரி முடிந்து, பதினோரு வருடத்துக்கு முன்னால் அவள் அண்ணன் கல்யாணத்தில் என்னை யாரும் சாப்பிடக் கூப்பிடாத விஷயம்வரை போய்விட்டோம். நான் நிஜமாகவே கோபப்பட்டேன், அவளும் பட்டாள். வீட்டுக்காரர் மனைவி சத்தம் கேட்டு மேலே வந்து, உன்னைப் பார்த்துவிட்டு, விஷயம் புரிந்து, அவளும் உட்கார்ந்துகொண்டாள். அவள் சொல்வது எங்களுக்குப் புரியவில்லை, நாங்கள் சொல்வது அவளுக்குப் புரியவில்லை. மூன்று பேரும் மாறி மாறிப் பேசுகிறோம். இந்த நிமிடம்வரை மூன்று மணி நேரம் ஆகிறது. பட்டறையில் ஒரு இரும்புச் சட்டம் விழுந்து கட்டடமே அதிர்ந்தது. நீ திரும்பிப் படுத்துக்கொண்டாய், அவ்வளவுதான்.

அப்பா விதியை யோசித்துப் பார்த்தேன். வீட்டில் தூக்கம் வரவேண்டும் என்றுதான் அவர் சொன்னார். யாருக்கு என்று சொல்லவில்லை.

படிவத்தில் இந்த ஊருக்கு நேராக டிக் போட்டாயிற்று. உன்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடலாம் என்று எக்ஸ்ரே சொன்னாள். எழுப்பவேண்டாம் என்று நான்தான் சொல்லிவிட்டேன்.

தம்பி